ரிமோட் அம்மாவின் கையில்

கேள்வி: எனக்கு 43 வயது. கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் வீடு. வீட்டில் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ். 18 வயதில் மேடை ஏறினேன். 16 வருடம் நாடகக் குழுக்களோடு வேனில் ஊர் ஊராகப் போய் மலையாள நாடகம் போட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கோயில் கொடை விழாக்களில் தமிழ் நாடகமும் உண்டு. அந்தக் காலம் முழுக்க என் அம்மாதான் துணைக்கு வருவார். கடந்த ஒன்பது வருடமாகச் சீரியல். திருவனந்தபுரத்தில் மலையாளம், நடுநடுவே சென்னையில் தமிழ். சினிமா 11, அதில் எனக்கு வசனம் இருந்தது நான்கில். இப்போது ஒரு தமிழ் மெகா சீரியலில் நாயகியின் மாமியாராக நடிக்கக் கூப்பிடுகிறார்கள். மாதம் 18 நாள் சென்னையில் தங்க வேண்டும். இதுவரை நடித்த சீரியல்களைப் போலவே டப்பிங்கை அங்கேயும் யாரோ பார்த்துக்கொள்வார்கள், எனக்கு அந்தச் சிரமம் இல்லை. கணவர் போகச் சொல்கிறார். மகன் பிளஸ் டூ. அம்மாவுக்கு 76 வயது, என்னோடுதான் இருக்கிறார். அம்மாவுக்கு என் தொழிலில் இப்போது ஆர்வம் இல்லை. என் சீரியலைத் தினமும் போடுவார், ஆனால் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். காது நன்றாகவே கேட்கிறது. அதனால் அவர் சம்மதம் பெரிய பிரச்சினை இல்லை. என் கவலை, இப்போதே மாமியார் வேடம் எடுத்தால் முத்திரை விழுந்துவிடுமா என்பதுதான். போகலாமா?

பதில்: முத்திரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. விழும். விழுந்தால் என்ன? கவியூர் பொன்னம்மா 1965-ல் மலையாள நாயகன் சத்யனுக்கு அம்மாவாக நடித்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருந்தது. சத்யன் அவரைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தவர். அதன் பிறகு அரை நூற்றாண்டு மலையாள சினிமாவுக்கே அம்மாவாக இருந்துவிட்டுப் போனார். உங்களுக்கு 43. இதற்காகத் தபால் செலவு செய்திருக்க வேண்டாம்.

நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு ஒரு வரியை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை. காது கேட்கிறது என்றும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆர்வம் இல்லாதவர் தினமும் அதே நேரத்துக்கு அதே சேனலைப் போட்டுக்கொண்டு உட்காருவாரா? ஆர்வம் இல்லாதவர் எழுந்து போய் சாயா போடுவார், பக்கத்து வீட்டில் கதை பேசுவார். உங்கள் அம்மா ஒரு எபிசோடு விடாமல் பார்க்கிறார். அவருக்குப் பிடிக்காதது சத்தம் மட்டும்தான்.

அது ஏன் என்று ஒரு தடவை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால்! எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

சரி, அவருக்காக நான் சொல்லிப் பார்க்கிறேன். 16 வருடம் உங்களோடு வேனில் வந்தவர். கோயில் மைதானத்திலும் சர்ச் பெருநாள் பந்தலிலும் மேடைக்குப் பின்னால் பிளாஸ்கும் சால்வையுமாக உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்தால் நடிப்பு தெரியாது. பக்கவாட்டுத் திரையின் முதுகும் லைட்காரரின் காலும்தான் தெரியும். கேட்பது மட்டும் எல்லாம் கேட்கும். அதாவது உங்கள் அம்மா 16 வருடமாக உங்களைக் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் மூச்சு வாங்குவீர்கள், கூட்டம் சலசலத்தால் குரலை ஏற்றுவீர்களா இறக்குவீர்களா, தொண்டை கட்டிய நாளில் எந்த வசனத்தைக் கடித்து விழுங்குவீர்கள் என்பதெல்லாம் இந்த உலகத்தில் அவர் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்போது திரையில் வாயை அசைப்பது அவர் மகள். வெளியே வருவது வேறு யாருடைய குரலோ. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும்? ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கி அந்த வேறு குரலை வெளியே அனுப்பிவிட்டு, உங்கள் வாயசைவைப் பார்த்துப் பழைய குரலைத் தானே போட்டுக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க உங்களுக்கு வேண்டியது ஐந்து நிமிடம்.

இனி நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் இன்னொரு வரி. டப்பிங்கை யாரோ பார்த்துக்கொள்வார்கள், சிரமம் இல்லை! ஒரு மேடை நடிகை எழுதுகிற வரியா இது? இந்த எல்லையில் பிறந்தவர்களுக்கு இது பழைய காயம், எனக்கும் தெரியும். நான் நாகர்கோவில்காரி. சென்னைக்குப் போன புதிதில் வாயைத் திறந்தால் போதும், ‘நீங்க மலையாளமா?’ என்பார்கள். அங்கே உங்கள் தமிழில் மலையாள வாடை என்கிறார்கள், திருவனந்தபுரத்தில் உங்கள் மலையாளத்தில் தமிழ் வாடை என்கிறார்கள். இரண்டு பக்கமும் முகத்தை வைத்துக்கொண்டு குரலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களும் வாங்கி உள்ளே வைத்துவிட்டீர்கள். வருத்தம் அதுவல்ல. அதற்குச் ‘சிரமம் இல்லை’ என்று பெயர் வைத்தீர்களே, அதுதான்.

மலையாள நடிகை கே.பி.ஏ.சி. லலிதாவை நினைத்துப் பாருங்கள். நாடகக் குழுவின் பெயரையே சாகும்வரை தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். மலையாள எழுத்தாளர் பஷீரின் கதையை இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் ‘மதிலுகள்’ என்று படமாக்கினார். அதில் சிறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாராயணிக்கு முகமே கிடையாது. படம் முடியும்வரை ஒரு தடவைகூடக் காட்ட மாட்டார்கள். குரல் மட்டும்தான், அது லலிதாவின் குரல். நாராயணியை நேரில் பார்த்ததுபோலப் பேசுகிற ஆட்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. முகம் இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஒரு பெண்ணை அவர் அங்கே உட்காரவைத்தார். நீங்கள் குரல் இல்லாமல் முகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

முகம் எவ்வளவு நாள் செல்லுபடியாகும்? தமிழ் சீரியல் பார்க்கிறவர்தானே நீங்கள். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போடுவார்கள். அவ்வளவுதான். மறுநாள் வேறு ஒருத்தி அதே பட்டுப்புடவையில் அதே சோபாவில் உட்கார்ந்து அதே மருமகளைத் திட்டுவாள். டப்பிங் பேசுகிறவரை மாற்றாமல் விட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு நீங்கள் போனதே தெரியாது. இதற்காகவா மகனையும் தாயையும் விட்டுவிட்டு மாதம் 18 நாள்?

நடுவில் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்காகப் பேசுகிற ‘யாரோ’வின் பெயர் என்ன? தமிழிலும் மலையாளத்திலுமாகக் குறைந்தது இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறையில் நின்று உங்கள் அழுகையை அழுகிறவர்கள். ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படம் 1993-ல் வந்தது. அதில் கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவின் குரல் டப்பிங் கலைஞர் பாக்யலக்ஷ்மியுடையது. கங்கா, நாகவல்லி என்ற தமிழ் நடனக்காரியாக மாறித் தமிழில் சீறும் இடங்களில் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். ஆனால் இரண்டும் பாக்யலக்ஷ்மியின் குரல்தான் என்றே ஊர் நம்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் பாசில் 2016-ல் எழுதிய பிறகுதான் துர்காவின் பெயர் வெளியே வந்தது. 23 வருடம்! மேடையில் பக்கத்தில் நிற்பவரின் மூச்சு தெரிந்து வசனம் சொன்ன நீங்கள், உங்கள் வாயாகவே இருக்கிற பெண்ணின் பெயர் தெரியாமல் ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறீர்கள்.

போகலாமா என்பதற்கு வருகிறேன். நான் பழைய ஆள். 76 வயதுத் தாய் வீட்டில் இருக்கும்போது மகள் மாதத்தில் பாதிக்கு மேல் வெளியூரில் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. இதையே ஒரு மகன் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். தாய்க்கு வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் அதுகூட யார் பொறுப்பு என்று கடிதத்தில் இல்லை. கணவர் ‘போ’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த 18 நாளும் இரவில் அம்மா பாத்ரூமுக்குப் போகும்போது விளக்குப் போடுவது யார் என்று அவரிடம் கேளுங்கள். மகன் பிளஸ் டூ என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. அந்த வயதுப் பையனுக்குக் கஞ்சி வைக்கத் தெரிய வேண்டும்.

பணம் வேண்டும்தான். நாளுக்கு எவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அச்சில் போடவில்லை. நல்ல தொகை. அதனால் கதவைச் சாத்து என்று சொல்லவில்லை. மேனேஜரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். கால்ஷீட்டைப் பத்துப் பன்னிரண்டு நாளாகச் சேர்த்துக் கொடுக்க முடியுமா? குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் சென்னை. சேர்ந்தாற்போல் தேதி கிடைத்தால் போக்குவரத்தும் குறையும். இரண்டாவதுதான் முக்கியம்: டப்பிங் நானே பேசுவேன் என்று சொல்லுங்கள். மழுப்புவார்கள். நடிகை பேசுவதென்றால் அவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், பழகியவர் மளமளவென்று முடித்துவிடுவார், அவர்கள் பக்கத்துக் கணக்கு அது. ஒரு எபிசோடு பேசிக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து சாதகம் செய்யுங்கள். செட்டில் பின்னாலிருந்து ஒருவர் பிராம்ப்டிங் கொடுக்கக் கொடுக்க வாயசைத்துப் பழகியதில் உங்கள் நாக்கு துருப்பிடித்திருக்கும். இரண்டு மணி நேர நாடகத்தைத் தாள் இல்லாமல் சொன்ன நாக்கு அது, வழிக்கு வந்துவிடும்.

மாமியாருக்கு எல்லைத் தமிழ் ஒட்டாது என்பார்கள். ஏன், தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மாமியார்களே கிடையாதா? இரண்டுக்கும் அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகாதீர்கள். திருவனந்தபுரம் சீரியலே போதும், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். கூடவே வருகிற சீசனில் ஒரே ஒரு நாடகம் ஒத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் பிறந்த நடிகை சுகுமாரி, சினிமாவில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே சோவின் நாடகக் குழுவில் மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தார். உங்களுக்கு நேரமில்லை என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த நாடகத்துக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். இந்தத் தடவை மேடைக்குப் பின்னால் வேண்டாம், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பின்னாலேயேதான் இருப்பேன் என்று அவர் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் பிறகு. இன்று சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு டிவி முன்னால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். சத்தம் இல்லாமலே ஓடட்டும். திரையில் நீங்கள் வரும்போது அந்த வசனத்தை உங்கள் வாயால், நம்ம ஊர்த் தமிழில், அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்த டப்பிங் பெண்ணின் பெயரையும் விசாரித்து அதே கடிதத்தில் எழுதுங்கள், அச்சில் போடுகிறேன்.