குழல் குட்டையானால் துப்பாக்கி ஏன் சிக்குகிறது?

நீண்ட துப்பாக்கியைவிட அதன் குட்டைக்குழல் வடிவம் அதிகம் சிக்குவது ஏன் என்ற கேள்விக்கு, வாயு அழுத்தமும் நேரமுமே விடை. அமெரிக்கப் படையின் எம்16 துப்பாக்கியின் குழல் 20 அங்குலம்; அதன் குட்டை வடிவமான எம்4-இல் அது 14.5 அங்குலம் என்பதோடு, துப்பாக்கியை இயக்கும் வாயுவைக் குழலிலிருந்து எடுக்கும் வாயுத்துளையும் தோட்டா அறைக்கு அருகே நகர்ந்துவிட்டதால், அழுத்தம் தணியாத வாயு சீறிப் பாய்ந்து, வெற்றுத் தோட்டாவுறை அறைச்சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே, அறையை மூடியிருக்கும் பூட்டைத் திறக்க முயல்கிறது. உறையின் விளிம்பு கிழிந்து, உறை உள்ளேயே தங்கிவிடுவது இதனால்தான்.

மறுபுறம், துளையைக் கடந்த குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சட்டென விழுந்துவிடும்; எம்16-இன் இன்னொரு குட்டை வடிவமான வியட்நாம் போர்க்கால எக்ஸ்எம்177-இன் 10 அங்குலக் குழலில், குண்டு துளையைக் கடப்பதற்கும் வெளியேறுவதற்கும் இடையிலான நேரம் மிகக் குறுகியது என்பதால், பூட்டை இயக்கப் போதிய வாயு கிடைக்காமல் போகலாம். துளையைப் பெரிதாக்கினால் இயக்கம் உறுதிப்படும், ஆனால் பாகங்கள் விரைவில் தேயும்.

ஆகவே, துளையின் அளவை வேண்டியதற்கு மேல் கூட்டாமல், எடைகூடிய பஃபரால் (பூட்டுக்குப் பின்னால் அதனுடன் சேர்ந்து நகரும் எடைப்பாகம்) பூட்டு திறப்பதைச் சற்றே தாமதப்படுத்துவதே நல்ல வழி என்பேன். 1960-களில் வெடிமருந்து மாற்றத்தால் எம்16-இன் சுடும் வேகம் எகிறியபோதும், கனமான பஃபரைக் கொண்டுதான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.