மருந்துச் சீட்டை யாரிடம் கொடுப்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கடைக்குப் போவான், வீட்டு வேலை பார்ப்பான். போன மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடைக் கண்ணாடியை உடைத்து, தடுக்க வந்த போலீஸ்காரரையும் பிடித்துத் தள்ளிவிட்டான். அரசு ஊழியரைத் தாக்கியதாக வழக்கு. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றான். அவ்வளவுதான், பதினைந்து நாள் ரிமாண்ட். மருந்துச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றிருந்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

எங்கள் வக்கீல், "மனநோய் என்று வாயைத் திறக்காதீர்கள். கேஸ் அப்படியே நின்றுபோகும், ஆள் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பான்" என்கிறார். அது சரியா? கோர்ட் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்க முடியாதா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் வக்கீலின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-இல் ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தியதாகக் கைது செய்தார்கள். மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை 1967-இல் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் விசாரணை நடக்கவில்லை, அவரை வீட்டுக்கும் விடவில்லை. ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தது 2005-இல். ஐம்பத்து நான்கு வருடங்கள்.

இது ஏதோ ஓரிடத்தில் நடந்த தவறு என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, 1982-இல், அப்போதைய பீகாரின் ஹஸாரிபாக் சிறைக் கைதிகளைப் பற்றி ஒரு சட்ட உதவிக் குழு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்து விசாரித்தது. மனநோயாளிகள் என்று அடைக்கப்பட்டு, குணமான பிறகும் விடுவிக்கப்படாமல் மொத்தம் இருபது, முப்பது வருடங்கள் உள்ளேயே இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இவர்களை யாரும் வேண்டுமென்றே அடைத்துவைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான். குற்றம் சாட்டப்பட்டவரால் வழக்கைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை என்றால் விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அது நியாயம். ஆனால் தள்ளிவைத்த வழக்குக்கு வாய்தா தேதி இல்லாமல் போகிறது. தேதி இல்லாத வழக்குக் கட்டை யாரும் எடுத்து வைப்பதில்லை, அந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. மருத்துவமனை கோர்ட்டின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது, கோர்ட் மருத்துவமனையின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது. மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆளை அனுப்பிய நாளிலேயே அடுத்த தேதியையும் குறிக்க வேண்டும். அந்தத் தேதியில் அறிக்கை வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று நீதிபதியே கேட்க வேண்டும்.

ஆனால் "வாயைத் திறக்காதீர்கள்" என்பதை நான் ஏற்கமாட்டேன். சட்டம் இன்று பழைய இடத்தில் இல்லை. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 102-ஆம் பிரிவைப் பாருங்கள். மனநோய் உள்ளவரோ, இருக்கலாம் என்று தோன்றுபவரோ முன்னால் வந்தால், மாஜிஸ்திரேட் அவரைப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் எழுத்துமூலம் அனுப்பலாம். பரிசோதனைக்காக மருத்துவமனையில் வைத்திருப்பது பத்து நாளைத் தாண்டக் கூடாது. இருக்கலாம் என்ற சந்தேகமே போதும். உங்கள் கையில் இருந்த சீட்டு அதற்கு மேலேயே சொல்லியிருக்கும். இலவச சட்ட உதவி உண்டு என்பதை மனநோய் உள்ளவருக்குச் சொல்வதும் அதே சட்டப்படி மாஜிஸ்திரேட்டின் கடமை, போலீஸின் கடமையும்கூட.

ஜாமீனுக்கும் வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369-ஆம் பிரிவு இது. ஒருவரால் இப்போது வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று கோர்ட் கண்டால், ஜாமீனில் விட முடியாத வழக்காக இருந்தாலும் அவரை ஜாமீனில் விட வேண்டும். நிபந்தனைகள் உண்டு. உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் அளவுக்கு நோய் இருக்கக் கூடாது. வெளிநோயாளியாகத் தவறாமல் சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு உறவினரோ நண்பரோ எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறவினர் நீங்கள்தான். அதோடு, முகாந்திரமே இல்லாத வழக்கென்றால் தள்ளிவைக்காமல் விடுவித்துவிட வேண்டும் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது.

இன்னொன்று. மனச்சிதைவு இருந்தாலே வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று அர்த்தமில்லை. மாத்திரை சாப்பிட்டுவரும் எத்தனையோ பேர் கோர்ட்டில் நடப்பது அத்தனையும் புரிந்து பதில் சொல்வார்கள். சம்பவம் நடந்தபோது உங்கள் தம்பி என்ன நிலையில் இருந்தான், இன்று வழக்கு அவனுக்குப் புரிகிறதா, இப்போது அவனுக்கு மருந்து வேண்டுமா, மூன்றும் வேறு வேறு கேள்விகள். கோர்ட்டுகளும் வக்கீல்களும் இதைக் குழப்பிக்கொள்வதால்தான் ஒன்று வாயை மூடச் சொல்கிறார்கள், இல்லை மொத்தமாக ஒதுக்கிவைக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குச் சட்ட ஆராய்ச்சி தேவையில்லை. "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா? உன் கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட் கேட்டிருந்தால், கடைசியில் நின்ற நீங்கள் முன்னால் வந்திருப்பீர்கள். ரிமாண்ட் உத்தரவில் மருந்தின் பெயர் ஏறியிருக்கும். சிறை மருத்துவர் முதல் நாளே கொடுத்திருப்பார்.

அமெரிக்காவில் மயாமி-டேட் மாவட்டத்தில் நீதிபதி ஸ்டீவன் லைஃப்மன் 2000-இல் தொடங்கிய திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. சின்ன வழக்குகளில் வருபவர்களைச் சிகிச்சைக்குத் திருப்பிவிடும்போது, இதே நோயோடு வாழ்ந்து மீண்டவர்களைச் சம்பளம் கொடுத்துத் துணைக்கு வைக்கிறார்கள். அங்கே போலீஸுக்கும் நெருக்கடியில் இருப்பவரிடம் பேசிச் சமாளிக்கப் பயிற்சி தருகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் உங்கள் தம்பியிடம் அப்படி ஒருவர் பேசியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. ஆனால் கைதானால்தான் நல்ல சிகிச்சை என்ற நிலை எந்த ஊரிலும் வரக் கூடாது. மனநோயாளிகளுக்கென்று தனி நீதிமன்றம் கேட்பவர்களிடம் நான் முதலில் தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை தீராமல் கிடைக்கிறதா என்று கேட்பேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை இன்றே சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு மனுவோடு கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து விட்டுப்போன ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஆபத்து, இதில் தாமதம் வேண்டாம். இன்னொன்றை வக்கீலிடம் கொடுத்து, நான் சொன்ன இரண்டு பிரிவுகளையும் காட்டுங்கள். அவர் தயங்கினால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அங்கே போங்கள். ரிமாண்ட் நீட்டிப்பை வீடியோவில் முடிக்காமல் தம்பியை நேரில் ஆஜர்படுத்தக் கேட்டு, அடுத்த தேதிக்கு முன்பே மனு போடச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் அவனை நேரில் பார்க்கட்டும்.