ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தர 28,000 ரூபாயா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஒரு கடையில் 6,500 ரூபாய் ஆகும் என்று வாட்ஸப்பில் சொன்னார்கள். 2,000 அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, "திறந்து ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) மாற்றினோம், டேட்டா வரவில்லை, 28,000 கட்டினால்தான் டிஸ்க் கிடைக்கும்" என்கிறார்கள். திறக்கும் முன் என்னிடம் கேட்கவே இல்லை. என்ன செய்வது?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். கடைக்காரர் நினைப்பதுபோல் அவருக்கு அடகுக்கடை உரிமை எதுவும் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170வது பிரிவு, பொருளை நிறுத்திவைக்க ரிப்பேர்காரரை அனுமதிப்பது உண்மைதான். ஆனால் எந்த நோக்கத்துக்காகப் பொருளைக் கொடுத்தீர்களோ அதன்படி வேலை செய்திருந்தால் மட்டுமே, அதுவும் அந்த வேலைக்குரிய கூலிக்கு மட்டுமே. நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு 28,000 கேட்டு டிஸ்க்கைப் பிடித்துவைப்பது இதற்குள் வராது.

ஒன்றை உடைத்தே சொல்லிவிடுகிறேன். டேட்டா வரவில்லை என்பதற்காக மட்டும் கடையைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெட் போன டிஸ்க்கில் எந்தக் கடையும் உறுதி தர முடியாது. உங்கள் பலம், கேட்காமல் திறந்ததிலும் சொன்ன தொகையை மாற்றியதிலும்தான். அவர்கள் கொடுத்த ரசீதைப் புரட்டிப் பாருங்கள். 'திறக்கச் சம்மதம்' என்று பொடி எழுத்தில் அச்சடித்து, கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் வழக்கு கொஞ்சம் நொண்டும்.

ஸ்பீட் போஸ்டில், பதிவு செய்து, ஒப்புகையோடு, ஒரு நோட்டீஸ்: 15 நாளில் டிஸ்க்கையும் அட்வான்ஸையும் திருப்பித் தர வேண்டும். நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் பேச்சை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுடையது 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. (என் தொழிலுக்கு நானே எதிரி!) நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்தால் சில கடைகள் அதற்கே இறங்கிவரும்.

டிஸ்க்கை வாங்கும்போது சீரியல் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்க வேண்டாம். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு கீறாமல் இருந்தால், தூசியில்லாத அறை வைத்திருக்கும் வேறொரு இடத்தில் இன்னும் முயலலாம். அங்கேயாவது, திறக்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.