நின்டெடானிபை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு ஐபிஎஃப் (காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பு விழும் நோய்), அதற்கான மருந்தான நின்டெடானிப் 150 மி.கி. தொடங்கி இரண்டு மாதமாகிறது, வயிற்றுப்போக்கு தாங்கவில்லை, மூச்சும் தேறவில்லை, நிறுத்திவிட்டு ஸ்டீராய்டுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே விழுந்த தழும்பை இந்த மருந்து ஆற்றாது. நுரையீரலின் கொள்ளளவு சரியும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும், அவ்வளவுதான். அதனால் மூச்சு தேறாததை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

வயிற்றுப்போக்குக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு தரலாமா, அளவை 100 மி.கி. ஆக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் இதே நோய்க்கான இன்னொரு மருந்து, பிர்ஃபெனிடோன் இருக்கிறது. அதில் குமட்டல் வரும், வெயில் பட்டால் தோல் சிவக்கும். எதுவானாலும் கல்லீரல் பரிசோதனையை விடக்கூடாது.

ஸ்டீராய்டு? ஐபிஎஃப்-க்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டோடு, நோய் எதிர்ப்பை அடக்கும் அசதியோபிரின் சேர்த்த சிகிச்சையில் இறப்பு கூடியது 2012-லேயே தெரிந்துவிட்டது. திடீரென நோய் முற்றும்போதோ, வேறு வகைத் தழும்பு நோயிலோ கொடுப்பார்கள். அது தனிக் கதை.

அப்புறம், நடக்கும்போது ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு மறுவாழ்வுப் பயிற்சியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள்; படியேறுவதில் வித்தியாசம் தெரிவது அதில்தான். நுரையீரல் மாற்று அறுவைக்கு அப்பா தகுதியானவரா என்பதையும் இப்போதே கேளுங்கள், உடல் தளர்ந்த பிறகு அல்ல.