பீரோ சாவி

கேள்வி: புதிதாக ஆரம்பித்திருக்கும் சீரியலின் முதல் எபிசோடில், வீட்டுப் பெரியவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை மருமகள்கள் சமையற்கட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பிளஸ் டூ முடித்த என் மகள், "நம்ம வீடும் இதேதாம்மா" என்று அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள். அவர் டி.வி.யையே நிறுத்திவிட்டார். மாசியில் அவளுக்கு 18 முடிகிறது. தையிலேயே என் அண்ணன் மகனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்திருக்கிறோம். அவள் டி.சி., மார்க் ஷீட்டெல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, சாவி என்னிடம்தான். குடும்ப மானம் போகாமல் அவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: சீரியல் கிடக்கட்டும். அந்தச் சாவிக்கு வாருங்கள்.

நகையைப் பூட்டுவது திருடனுக்குப் பயந்து. மார்க் ஷீட்டை யாருக்குப் பயந்து பூட்டினீர்கள்? டி.வி.யை நிறுத்தியது அவர். பீரோவைப் பூட்டச் சொன்னது யாரென்று நீங்கள் எழுதவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலே செய்கிற அளவுக்கு நாம் பழகிவிட்டோம். இதே பீரோ எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் சாவி அம்மா இடுப்பில்தான்.

பெற்றவர் பேச்சைப் பிள்ளை கேட்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். அப்பாவிடம் குரல் உயர்த்தியதற்குக் கண்டியுங்கள், தப்பில்லை. ஆனால் அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

தை முகூர்த்தத்தை முதலில் நிறுத்துங்கள். ஒரு மாதம்தானே என்று இழுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பவருக்கு 2 ஆண்டுவரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாராவது ஒரு போன் போட்டால் போதும், மண்டப வாசலில் ஜீப் நிற்கும். அப்போது எந்த மானத்தைக் காப்பாற்றுவீர்கள்? மாசிக்குத் தள்ளிவைத்தாலும் என் பதில் மாறாது. அவள் சம்மதத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பீரோவைத் திறந்து சான்றிதழ்களை அவள் கையில் கொடுங்கள். தர்மபுரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். செலவைக் காரணம் காட்ட முடியாது.

மானம் என்று நீங்கள் சொல்வது உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைத்தானே? அதைத் திரும்பப் பெற வேண்டியதும் நீங்கள்தான். பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணனிடம் நேரில் சொல்லுங்கள். போகும்போது பீரோ சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.