வாசகர் கேள்வி – பதில்: சிறகுள்ள நாயகர்கள்

கேள்வி: சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களில் வரும் தேவதூதர்கள், சமய நூல்கள் கூறும் தேவதூதர்கள்தாமா, அல்லது சிறகு முளைத்த மனிதர்கள் மட்டுந்தானா?

பதில்: இரு வகையினரும் உண்டு. 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த 'எக்ஸ்-மென்' முதல் இதழில் 'ஏஞ்சல்' என்ற பெயருடன் வரும் வாரன் வொர்திங்டன், மரபணு மாற்றத்தால் சிறகு பெற்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. பெயரைத் தவிர விண்ணுலகத்தோடு அவனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பறப்பதைத் தவிர வேறு ஆற்றல் இல்லாததால், நெடுங்காலம் எக்ஸ்-மென் நாயகர் அணியில் அவன் மங்கலான பாத்திரமாகவே இருந்தான் என்பது என் கருத்து. 1980-களின் பிற்பகுதியில் வெளிவந்த 'எக்ஸ்-ஃபேக்டர்' கதைகளில், படுகாயமுற்ற அவனுடைய சிறகுகள் வெட்டி அகற்றப்படுகின்றன. மீண்டும் பறக்க வேண்டும் என்ற தவிப்பில், அபோகலிப்ஸ் என்னும் கொடியவன் நீட்டிய உலோகச் சிறகுகளை ஏற்றுக்கொண்டு, அவனுக்கே அடிமையாகி, தன் பழைய நண்பர்களை எதிர்த்து நிற்கிறான். பின்னர் மனந்தெளிந்து திரும்பினாலும், கத்திபோல் பாயும் அந்த இறகுகள் நெடுங்காலம் அவனை விட்டு அகலவில்லை; 'ஆர்க்ஏஞ்சல்' என்ற புதுப்பெயரும் நிலைத்துவிட்டது. இழப்புக்குப் பிறகே அவன் நம் மனத்தில் இடம்பிடித்தான்.

உண்மையான தேவதூதர் என்றால் டிசி நிறுவனத்தின் ஸாரியேலைச் சொல்ல வேண்டும். கிராண்ட் மாரிசன் எழுதிய 'ஜேஎல்ஏ' ('ஜஸ்டிஸ் லீக்' என்னும் நாயகர் அணியின் கதை) தொடரில் 1997-இல் அறிமுகமான இவர், தாம் காவல் காத்த மானிடப் பெண்ணின்மீது கொண்ட காதலுக்காக இறவாமையையே துறந்து மண்ணுக்கு வந்தவர். பேராற்றல் கொண்ட ஒருவர் மரணத்தைத் தாமே விரும்பி ஏற்கிறார் என்ற இந்த எண்ணம், எத்தனை முறை படித்தாலும் என்னை நெகிழவைக்கிறது.

கேள்வி: 'ஸ்பான்' கதையில் வந்த ஏஞ்சலா, மார்வெல் நிறுவனத்துக்கு எப்படி வந்தாள்?

பதில்: 1993-இல் 'ஸ்பான்' ஒன்பதாம் இதழுக்காக நீல் கெய்மன் எழுதிய பாத்திரம் அவள். உரிமை குறித்து அவருக்கும் 'ஸ்பான்' தொடரைப் படைத்த டாட் மெக்ஃபார்லேனுக்கும் இடையே நீண்டகாலம் வழக்கு நடந்தது. அது தீர்ந்தபின் 2013-இல் மார்வெல் கதைகளில் நுழைந்தாள். அங்கே அவள் தேவர்களின் அரசன் ஓடினின் மகள், தோரின் உடன்பிறந்தவள் என்று ஆக்கப்பட்டாள். நரகத்தின் வீரர்களை வேட்டையாடிய அந்தப் பழைய தேவதூதியையே நான் பெரிதும் விரும்புகிறேன்.