ஒன்றரை முழ வாக்குச்சீட்டும் உயர்தரச் செயற்றிட்டமும்

உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது ஹட்டனில் இருக்கிறேன். இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தைச் செயற்றிட்டமாக எடுத்த பிள்ளைகள், இணையத்தில் எதை எங்கே தேடுவது என்று கேட்டபடி இருக்கிறார்கள். தனித்தனியே எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்தே பதில் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பொகவந்தலாவை, உயர்தர மாணவி: டீச்சர், எங்கே தொடங்குவது? தேடினால் யூடியூப் வீடியோதான் வரிசையாக வருகிறது.

வீடியோவைக் கடைசிக்கு வையுங்கள் மகள். முதலில் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்துக்குப் போங்கள். மூன்று மொழியிலும் இருக்கிறது. பழைய ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளும் அங்கேயே கிடைக்கும். முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தது. 2024 செப்டெம்பர் 21இல் நடந்தது ஒன்பதாவது.

முடிவுத் தாளை இறக்கி, கொப்பியில் உங்கள் கையால் ஒரு அட்டவணை போடுங்கள். பதிவு செய்த வாக்காளர் 1,71,40,354. செல்லுபடியான வாக்கு 1,33,19,616. நிராகரிக்கப்பட்டவை 3,00,300. இதை எழுதும்போதே, மூன்று லட்சம் பேரின் வாக்கு ஏன் வீணானது, சீட்டு ஒன்றரை முழம் நீளமாக இருந்ததாலா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் வராது.

சட்டம் வேண்டுமானால் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் வர்த்தமானிகளும் சட்டங்களும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்றத் தளத்தில் கிடைக்கும். மற்றவர் எழுதிய சுருக்கக் குறிப்பை நம்பி அரசியலமைப்பை மேற்கோள் காட்டாதீர்கள். ஒரு முறையாவது அந்த உறுப்புரையைத் திறந்து வாசியுங்கள்.

தலவாக்கலை, மாணவன்: இரண்டாவது எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்க 50 வீதம் தாண்டித்தான் வென்றார் என்று டியூஷனில் சொன்னார்கள். என் கணக்கில் அப்படி வரவில்லை. நான் எங்கே பிழைவிட்டேன்?

பிழை உங்களிடம் இல்லை தம்பி. நானே இதைப் பல வருடம் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன். 2024 வரை இரண்டாவது எண்ணிக்கை ஒரு முறையும் நடக்காததால் என் பிழை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் எண்ணிக்கையில் அனுரவுக்கு 56,34,915 (42.31 வீதம்), சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035 (32.76 வீதம்). யாரும் பாதியைத் தாண்டவில்லை. அதனால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் விலக்கப்பட்டார்கள். அப்படி விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவரில் ஒருவருக்கு இரண்டாம், மூன்றாம் விருப்பு (2, 3 என்று போட்ட இலக்கம்) இருக்கிறதா என்று பார்த்து எண்ணினார்கள். முடிவில் அனுரவுக்கு 57,40,179, சஜித்துக்கு 45,30,902.

இப்போது கழித்துப் பாருங்கள். அனுரவுக்குக் கூடியது 1,05,264. சஜித்துக்குக் கூடியது 1,67,867. விருப்பு வாக்கில் அதிகம் பெற்றவர் தோற்றவர்தான்! இரண்டையும் கூட்டினால் 2,73,131. ஆனால் விலக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு விழுந்திருந்தவை 33 லட்சத்துக்கு மேல். அதாவது பன்னிரண்டு சீட்டில் ஒன்றில்தான் எண்ணக்கூடிய விருப்பு இருந்திருக்கிறது. 57,40,179ஐ மொத்தச் செல்லுபடியான வாக்கால் வகுத்தால் 43 வீதம் சொச்சம். கடைசியாக எண்ணிக்கையில் நின்ற வாக்குகளால் மட்டும் வகுத்தால் 55.89. டியூஷனில் சொன்னது இரண்டாவது கணக்கு, நீங்கள் போட்டது முதலாவது. இரண்டையும் எழுதி, எதனால் வகுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பிரசாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வீட்டில் கிடக்கும் துண்டுப்பிரசுரங்களை எடுங்கள். எந்தக் கட்சி "1, 2, 3" போடச் சொன்னது, எந்தக் கட்சி தன் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி போடச் சொல்லி நிறுத்திக்கொண்டது? அதுவே ஒரு அத்தியாயம்.

நுவரெலியா, ஆசிரியை: தேர்தல் விஞ்ஞாபனங்களைத் தமிழில் எடுத்து வகுப்பில் ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன். கட்சித் தளங்கள் போதுமா?

இன்றைக்குப் போதும் மிஸ், அடுத்த வருடம் இருக்குமா என்பதுதான் பிரச்சினை. முந்தைய ஒரு தேர்தலில், வேட்பாளர் ஒருவரின் தளத்தில் மலையகத்துக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. பிறகு அச்செடுக்கலாம் என்று விட்டேன். வாக்கெடுப்பு முடிந்து போய்ப் பார்த்தால் தளமே இல்லை. அன்றிலிருந்து பார்த்ததும் பீடிஎஃப்பாக இறக்கிவிடுவேன். இல்லாமல் போன பக்கங்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். பல நேரம் பழைய பிரதி அகப்படும். இருக்கிற பக்கத்தையும் அங்கே நாமே சேமித்து வைக்கலாம், காசு கிடையாது.

2024இல் அனுரவின் தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனம் "வளமான நாடு - அழகான வாழ்க்கை", அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுடையது "இயலும் ஸ்ரீலங்கா". முதலாவதோடு, அந்தக் கட்சி 2023 ஒக்டோபரில் இங்கே ஹட்டனில் மலையக மக்கள் பற்றி வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஒவ்வொரு விஞ்ஞாபனத்திலும் நம் ஆட்களை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். மலையகத் தமிழர், இந்திய வம்சாவளியினர், தோட்டத் தொழிலாளர் என்று மூன்று பெயரில் எது எத்தனை தரம் வருகிறது? காணி பற்றிச் சொல்லும் இடத்தில் எந்தப் பெயர், சம்பளம் பற்றிச் சொல்லும் இடத்தில் எந்தப் பெயர்? சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிரதியையும் பக்கத்தில் வைக்கட்டும். மொழிபெயர்ப்பில் வாக்குறுதி மெலிந்துபோகிற இடங்கள் கண்ணில் படும்.

கூட்டணிக் கணக்கும் சேர வேண்டும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு நின்றது, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. மயில்வாகனம் திலகராஜ் மலையகத்திலிருந்து சுயேச்சையாகக் கேட்டார். நுவரெலியா மாவட்டத்தில் முதலாவது சஜித், இரண்டாவது ரணில், மூன்றாவது அனுர. நாட்டில் முதலாவதாக வந்தவர் இங்கே மூன்றாவது. ஏன் என்று பிள்ளைகளே சண்டை பிடிக்கட்டும்.

மஸ்கெலியா, மாணவன்: தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபா நாட்சம்பளம் என்று எல்லாரும் பேசினார்கள். அதை எப்படி ஆய்வாக்குவது?

அருமையான தலைப்பு. ஆனால் மேடைப் பேச்சில் தொடங்கினால் மேடையிலேயே நின்றுவிடுவீர்கள். தாள்களைத் திகதி வரிசையில் அடுக்குங்கள்.

2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் ஜனாதிபதி ரணில் 1,700 ரூபாவை அறிவித்தார். அதற்கான வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிறகு சம்பள நிர்ணய சபையில் பேச்சு நடந்து, செப்டெம்பரில், வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால், அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. மேடையில் சொன்ன எண்ணும் அடிப்படைச் சம்பளமாகத் தாளில் ஏறிய எண்ணும் வேறு. இடையில் உள்ள 350 ரூபா யாருக்கு, எத்தனை கிலோ கொழுந்துக்குப் பிறகு என்பதுதான் உங்கள் ஆய்வு.

முதல் வர்த்தமானியையும் இரண்டாவதையும் அச்சகத் திணைக்களத் தளத்திலிருந்து இறக்கிப் பக்கம் பக்கமாக வையுங்கள். பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் 1,000 ரூபாவின் கதை இருக்கிறது. 2019 தேர்தலில் முழங்கிய எண் அது. வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதற்கு ஹன்சாட் இருக்கிறது. பேசிய உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும், பயந்துவிடாதீர்கள்.

அப்புறம் அம்மாவின் சம்பளத் துண்டு. 2024 ஜூன், ஒக்டோபர் மாதத் துண்டுகள் வீட்டில் இருந்தால் எந்த இணையத்தளமும் அதற்கு ஈடில்லை. பெயரையும் இலக்கத்தையும் மறைத்து ஒட்டுங்கள்.

பேராதனை, பல்கலைக்கழக மாணவி: பேஸ்புக் விளம்பரத்துக்கு யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. மெட்டா நிறுவனத்தின் ஆட் லைப்ரரியில் நாட்டை இலங்கை என்று தெரிவுசெய்து, அரசியல் விளம்பரப் பிரிவை எடுங்கள். விளம்பரம், அதற்குக் காசு கொடுத்தவர் என்று காட்டிய பெயர், செலவு எல்லாம் வரும். செலவு சரியான தொகையாக இல்லாமல் "இதிலிருந்து இதுவரை" என்றுதான் இருக்கும். வேட்பாளரின் பெயரில் மட்டும் தேடாதீர்கள். "நண்பர்கள்", "இளைஞர் அணி" என்று பெயர் வைத்த பக்கங்களில்தான் சுவாரசியம்.

அதை 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தோடு பொருத்துங்கள். ஜனாதிபதித் தேர்தல் ஒன்று அந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது 2024இல்தான் முதல் தடவை. ஆணைக்குழு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வரம்பு வைத்தது. பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடியே 82 லட்சம் ரூபா சொச்சம். முடிவு வந்து 21 நாளுக்குள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையில் இணைய விளம்பரத்துக்கு எழுதிய தொகையையும் ஆட் லைப்ரரியின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஆய்வுக்குத் தலைப்பு தானாக வரும்.

ராகலை, மாணவன்: வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றைச் செயற்றிட்டத்தில் போடலாமா?

போடலாம், "பரவிய படம்" என்று பெயர் போட்டு. உண்மையென்று போடுவதற்கு முன் கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடி, அது முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். பரவும் தகவல்களைச் சரிபார்க்கும் ஃபேக்ட் கிரெசண்டோவுக்குத் தமிழ்ப் பக்கம் உண்டு. வேட்பாளர் சொன்ன புள்ளிவிவரங்களைச் சோதிக்க வெரிட்டே ரிசர்ச்சின் ஃபேக்ட்செக் தளம் உதவும்.

பண்டாரவளை, மாணவி: அமெரிக்கத் தேர்தலோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆங்கிலம் வாசிக்கலாம் என்றால் அமெரிக்கன் பிரெசிடென்சி புரொஜெக்ட் தளத்தில் பேச்சுகளும் கட்சி அறிக்கைகளும் குவிந்து கிடக்கின்றன. லிவிங் ரூம் கேண்டிடேட் தளத்தில் 1952 முதலான தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அங்கே மொத்த வாக்கில் முந்துவது போதாது, 538 தேர்வாளர் வாக்கில் 270 வேண்டும். அதனால்தான் பிரசாரம் சில மாநிலங்களைச் சுற்றியே நடக்கும். இங்கே முழு நாடும் ஒரே தொகுதி.

அக்கரப்பத்தனை, தாய்: டீச்சர், மகளுக்குப் போனில் டேட்டா காணாது. லயத்தில் சிக்னலும் இல்லை. கோயில் மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் பார்க்கிறாள்.

அக்கா, பிள்ளையை இருட்டின பிறகு அங்கே அனுப்ப வேண்டாம். வேலையை இரண்டாகப் பிரித்தால் போதும். மேட்டில் இறக்க மட்டும் செய்யட்டும், வாசிப்பது வீட்டில். முடிவுத் தாள், விஞ்ஞாபனம், வர்த்தமானி எல்லாம் பீடிஎஃப்தான், ஒரு வீடியோவுக்குப் போகிற டேட்டாவில் நிறைய இறக்கலாம். எதை இறக்குவது என்ற பட்டியலை ஏறும் முன் தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நூலகம் டொட் ஓர்க் தளத்தில் பழைய தமிழ்ச் சஞ்சிகைகளும் மலையகம் பற்றிய புத்தகங்களும் இலவசம், அவையும் இறக்கி வைத்துப் படிக்கக்கூடியவை.

ஹப்புத்தளை, மாணவி: 1982 தேர்தலில் வாக்குப் போடவே இல்லை என்கிறார் தாத்தா. அக்கறை இல்லாமல் இருந்தாரா?

அக்கறை இருந்திருக்கும் மகள், வாக்குரிமை இருந்திருக்காது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் ஆட்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். பிரஜாவுரிமைத் தாள் வராமல் காத்திருந்தவர்களுக்கு 1982இல் பிரசாரம் வெறும் லவுட்ஸ்பீக்கர் சத்தம். பிரஜாவுரிமைக்கென ஒரு சட்டம் 1988இல் வந்தது. அதே வருடம் டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல். இன்னொரு சட்டம் 2003இல்.

ஆணைக்குழுவின் தளத்தில் 1982, 1988, 1994 முடிவுத் தாள்களை எடுத்து, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பதிவு செய்த வாக்காளர் தொகையை மட்டும் ஒரு வரிசையில் எழுதுங்கள். மாவட்டச் சனத்தொகையை தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களத் தளத்தில் எடுத்து அடியில் எழுதுங்கள். பிறகு தாத்தாவிடம் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் மடித்த மடிப்பில் கிழிந்திருக்கும், மெதுவாக விரியுங்கள். அதிலுள்ள திகதியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் அவர் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டார் என்று கேளுங்கள். சொல்ல மாட்டார். யார் யார் வீட்டுக்கு வந்து வாக்குக் கேட்டார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், சார்ஜ் போட்டு வையுங்கள்.